பரிசீலனையில் ஒரு மரணம்

வகைப்பாட்டுக் கழகத்தில் என்ன வேலை நடக்கிறது என்று அங்கே வேலை பார்க்கிறவர்களைக் கேட்டால், "வகைப்படுத்துறோம்" என்பார்கள். எதை என்று கேட்டால் கொஞ்சம் எரிச்சலோடு, "எல்லாத்தையும்தான்" என்பார்கள். தக்காளி காயா கனியா, சக்கர நாற்காலி வாகனமா மரச்சாமானா, குடை ஆடையா கருவியா என்பதையெல்லாம் ஏழு மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து அவர்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள். குடை விஷயம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. விரித்தால் கருவி, மடக்கினால் ஆடைத் துணைப்பொருள் என்று இடைக்காலமாக ஒரு முடிவெடுத்து, அதற்குத் தாங்களே கைதட்டிக்கொண்டு, காபி குடித்துக் கலைந்திருந்தார்கள்.

கழகத்தின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் வந்து சேர்ந்தவளை எல்லாரும் நிரல்காரி என்றே கூப்பிட்டார்கள். கணினிக்கு நிரல் எழுதுகிறவள் என்பதால் அந்தப் பெயர். ஐந்தாவது மாடியில், கால் உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த அறையில் அவளுக்கு ஒரு மேசை. இணையதளம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. சமையல் குறிப்பு எழுதுகிறவர்களும் ஊர் சுற்றிவிட்டு வந்து கதை எழுதுகிறவர்களும் வைத்திருக்கிற அதே வலைப்பதிவு மென்பொருள்தான். கழகத்தின் ஒவ்வொரு செய்தியும் அதில் ஒரு பதிவு.

பதிவுகளைப் பிரித்து வைக்க அந்த மென்பொருளோடு வகைகள் தானாகவே வரும். ஆனால் வேறு யாரோ செய்து கொடுத்த வகைகளைப் பயன்படுத்துவது வகைப்பாட்டுக் கழகத்துக்கு இழுக்கு என்று தலைமை இயக்குநர் சொல்லிவிட்டார். ஆகவே 'நிகழ்வுத் தன்மை' என்று கழகம் சொந்தமாக ஒரு வகைப்பாட்டை உண்டாக்கி, அதற்குள் சாதனை, பெருமிதம், பராமரிப்பு, இரங்கல் என்று வகைகளை வைத்திருந்தது. சாதனைக்கும் பெருமிதத்துக்கும் என்ன வித்தியாசம் என்று நிரல்காரி வந்த புதிதில் கேட்டாள். சாதனை என்பது கழகம் செய்தது. பெருமிதம் என்பது தலைமை இயக்குநர் அதை நினைத்துப் பார்ப்பது. அப்படித்தான் அவளுக்கு விளக்கினார்கள்.

ஒருநாள் தலைமை இயக்குநரின் கைப்பேசிக்குப் பிறந்தநாள் வாழ்த்து ஒன்று வந்தது. திறந்ததும் திரையின் அடியிலிருந்து வண்ண வண்ணப் பலூன்கள் மிதந்து மேலே போயின. அவர் அதைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துவிட்டு நிரல்காரியைக் கூப்பிட்டனுப்பினார்.

"நம்ம கழகம்னாலே ஜனங்க மூஞ்சியத் தூக்கி வச்சுக்குறாங்கம்மா. இனிமே எந்தப் பதிவைத் திறந்தாலும் இந்த மாதிரி பலூன் வரணும். கடைசில கைதட்டுற சத்தமும் வரணும்."

வரவைத்தாள். கேன்டீன் நேரம் மாறிய அறிவிப்புக்குப் பலூன் பறந்தது. கழிப்பறை அடைப்பு நீங்கிய அறிவிப்புக்குக் கைதட்டல் கேட்டது. தலைமை இயக்குநர் மகிழ்ந்தார். அப்புறம் முன்னாள் இணை இயக்குநர் ஒருவர் செத்துப்போனார்.

அவருடைய படத்தின்மேல் சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன்கள் எழும்பி, கடைசியில் அரங்கமே எழுந்து நின்று தட்டுவதுபோல் சத்தம் வந்தது. அவர் மனைவி போன் போட்டுத் தலைமை இயக்குநரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். தலைமை இயக்குநர் செய்தி அதிகாரியைக் கேட்டார். செய்தி அதிகாரி வாசனைக் கைக்குட்டையால் நெற்றியை ஒற்றிக்கொண்டே ஐந்தாவது மாடிக்கு வந்தார்.

"ஏம்மா, சாவுக்குப் போய் பலூன் விட்டுட்டியே?"

"எல்லாப் பதிவுக்கும்னு சொன்னீங்களே சார்."

"எல்லாம்னா, எல்லாமா?"

"ஒரு வரி சேத்தா போதும் சார். பதிவு திறக்குறப்போ, இது இரங்கல் வகையில இருக்கான்னு நிரல் கேக்கும். ஆமான்னா பலூன் வராது. இல்லைன்னா வரும்."

"அவ்வளவுதானா? அப்ப போட்டுடு."

"மென்பொருள்ல இருக்குற சாதாரணக் கேள்வி நமக்கு உதவாது சார். அது மென்பொருளோட சொந்த வகைகளை மட்டும்தான் பாக்கும். நாம தனியா ஒரு வகைப்பாடு செஞ்சிருக்கோமே, அது அதோட கண்ணுக்கே தெரியாது. எத்தன தடவ கேட்டாலும் இல்லைன்னுதான் சொல்லும். அதுக்கு வேற கேள்வி இருக்கு. நிகழ்வுத் தன்மைங்கிற வகைப்பாட்டுல, இரங்கல்ங்கிற வகையில, இந்தப் பதிவு இருக்கான்னு பேரைச் சொல்லிக் கேக்கணும்."

செய்தி அதிகாரியின் கைக்குட்டை பாதி வழியில் நின்றது.

"கேக்கணும்னா, யாருகிட்ட?"

"பதிவுகிட்டதான்."

"கழகத்தோட பதிவை நிறுத்தி வச்சு ஒரு நிரல் கேள்வி கேக்குமா?"

அவர் வேடிக்கையாகச் சொல்கிறார் என்று நினைத்து அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

மறுவாரம் ஏழாவது மாடியில் கூட்டம். நீள மேசையின் தலைமாட்டில் தலைமை இயக்குநர். அவருக்கு வலப்பக்கம் துணைப் பதிவாளர். கழகத்தின் விதிகள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். விதி சொல்லும்போது கண்ணை மூடிக்கொள்வார். மற்ற நேரங்களிலும் பெரும்பாலும் மூடித்தான் வைத்திருப்பார். மற்றவர்கள் தலையாட்டுவதற்காக வந்திருந்தார்கள். நிரல்காரிக்கு நாற்காலி போடவில்லை. ஒப்பந்தப் பணியாளர் கூட்டத்தில் 'பங்கேற்பவரா', 'காட்டப்படுபவரா' என்பது முடிவாகவில்லையாம்.

"கேள்வி கேட்கிற தகுதி உதவிப் பிரிவு அலுவலருக்கு மேலதான் ஆரம்பிக்குது," என்றார் துணைப் பதிவாளர், கண்ணை மூடிக்கொண்டு. "இந்த நிரலோட பதவி என்ன?"

"அதுக்குப் பதவியெல்லாம் கிடையாது சார். அது ஒரு வரி."

"பதவி இல்லாத வரி. குறிச்சுக்கோங்க."

யாரோ குறித்துக்கொண்டார்கள். பிறகு கேள்வியின் மரியாதை பற்றிப் பேச்சு வந்தது. 'இருக்கா' என்று மொட்டையாகக் கேட்கக் கூடாது, 'இருப்பதாகக் கருதலாமா' என்று கேட்க வேண்டும் என்று முடிவாயிற்று. கணினிக்கு இரண்டும் ஒன்றுதான் என்று நிரல்காரி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் தலைமை இயக்குநர் தொண்டையைச் செருமினார்.

"அடிப்படையிலேயே ஒரு தப்பு இருக்கு. ஆமா, இல்லை, ரெண்டே பதில்தானா?"

"ஆமா சார்."

"பாத்தீங்களா, உடனே ஆமான்னுட்டா. இதுதான் அனுபவமின்மை. இத்தன வருஷ சர்வீஸ்ல நான் ஒரு கேள்விக்காவது ஆமான்னு சொல்லியிருக்கேனா? இல்லைன்னு சொல்லியிருக்கேனா? அப்படிச் சொல்லியிருந்தா இந்த நாற்காலி எனக்குக் கிடைச்சிருக்குமா?"

எல்லாரும் தலையாட்டினார்கள். மூன்றாவதாக 'பரிசீலனையில்' என்று ஒரு பதில் சேர்க்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேறியது. ஒரு சாவு இரங்கலா இல்லையா என்று முடிவாகும்வரை அந்தப் பதிவு பரிசீலனையில் இருக்கும். அதுவரை பலூன் விடலாமா கூடாதா? விட்டால் செத்தவருக்கு அவமரியாதை. விடாவிட்டால் கழகத்துக்கு அவமரியாதை. உணவு இடைவேளைக்குப் பிறகும் விவாதித்து, பாதி பலூன் என்று ஒத்துக்கொண்டார்கள்.

"கைதட்டல் சார்?" என்றாள் நிரல்காரி.

"அதையும் பாதியாக்கிடு."

அன்று சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது, ரொட்டி வேன் ஓட்டுகிற அவள் புருஷன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தான். "பிரேக் அடிக்கலாமா வேணாமான்னு நான் கூட்டம் போட்டா என்னாகும் தெரியுமா?" என்றான். அவளும் சிரித்தாள். அந்த வாரம் முழுக்க அது அவளுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

கழகத்தில் அவளுக்கு வாய்த்த ஒரே நல்ல பழக்கம் லிஃப்ட் அண்ணன். ஏழு மாடிக்கும் இருக்கிற ஒரே லிஃப்டைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். அவளைப் போலவே அவரும் ஒப்பந்தம்தான். டீ நேரத்தில் ஐந்தாவது மாடிக்கு வந்து, உடைந்த நாற்காலிகளில் நன்றாக இருப்பதைத் தேடி உட்கார்ந்துகொள்வார். உட்கார்ந்தபடியே இன்னொரு நாற்காலிக்குக் கால் முடுக்கிக் கொடுப்பார்.

"இந்தக் கட்டடத்துல மேல போன எதுவும் உருப்படியாக் கீழ வந்ததில்ல தங்கச்சி, நம்ம பொட்டியைத் தவிர," என்பார். பொட்டி என்றால் லிஃப்ட். அவர் மனைவி பள்ளிச் சீருடைகள் தைக்கிற கடை வைத்திருந்தாள். நிரல்காரியின் மகனுக்கு அரைக்கால் சட்டை அங்கேதான் தைத்தார்கள். அவளை நிரல்காரி அண்ணி என்று கூப்பிடுவாள்.

கழகத்தின் ஆண்டு விழா நெருங்கியது. லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் வந்து திக்கித் திக்கி நின்றது. லிஃப்ட் அண்ணன் காலையிலேயே மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நான்காவது மாடிக் கதவைத் திறந்து, உள்ளே இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மதியச் சாப்பாட்டுக்குத் தலைமை இயக்குநர் கீழே போக வேண்டியிருந்தது. "என்ன, இன்னும் ஓடலையா?" என்று ஏழாவது மாடியிலிருந்து அவர் கேட்டதும், யாரோ ஓடிப்போய் மின்சாரத்தைப் போட்டார்கள்.

நிரல்காரி ஐந்தாவது மாடியில் அந்தச் சத்தத்தைக் கேட்டாள். அதை அவள் பிற்பாடு யாரிடமும் விவரித்ததில்லை. நான்காவது மாடிக்கு அவள் இறங்கி ஓடியபோது செய்தி அதிகாரி அங்கே நின்றிருந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி, "போட்டோ எதுவும் யாரும் எடுக்கலையே?" என்பது.

தலைமை இயக்குநர் படியில் இறங்கிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

சாயங்காலம் செய்தி அதிகாரி பதிவை எழுதிக்கொண்டு வந்தார். 'மின்தூக்கிச் சேவையில் ஏற்பட்ட எதிர்பாராத இடையூறுக்குக் கழகம் வருந்துகிறது. இது தொடர்பில் ஒருவர் இயற்கை எய்தினார்.'

"லிஃப்ட் நசுக்கினதுல இயற்கை எங்க சார் இருக்கு?"

"அது மரியாதையான சொல்லும்மா. மாத்தாதே."

"இரங்கல்ல போட்டுடுறேன்."

"ஐயையோ, வேணாம். இரங்கல் நிரந்தரப் பணியாளருக்கு மட்டும்தான்னு துணைப் பதிவாளர் சொல்றாரு. ஒப்பந்தக்காரர் செத்தா அது சாவா, இல்ல ஒப்பந்தம் முடிஞ்சதான்னு பாக்கணுமாம். இப்போதைக்குப் பரிசீலனைல வை."

அவர் தோளுக்குமேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வைத்தாள். நிரல் கேட்டது, பதிவு பரிசீலனையில் என்று பதில் வந்தது. அடையாள அட்டைப் படத்தில் லிஃப்ட் அண்ணன் சட்டைக் காலரைச் சரிசெய்து விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தின் இடதுபாதியில் மட்டும் பலூன்கள் மிதந்து மேலே போயின. அவள் எழுதிய நிரல். சொன்னபடி, ஒரு பிசிறில்லாமல் வேலை செய்தது.

அண்ணி அதைத் தையல் கடையில் வைத்துப் பார்த்தாள். சீருடை வாங்க வந்த ஒரு தாய், ஆறுதல் சொல்லிவிட்டு, தெரியாத்தனமாகக் கைப்பேசியை நீட்டியிருக்கிறாள். அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் அண்ணி கழகத்துக்கு வந்தாள். கையில் தைத்து முடித்த சட்டைகள் இருந்த பை. வழியில் ஒரு பள்ளியில் கொடுக்க வேண்டியது. வாசல் காவலாளி அவளை எந்த வகையில் உள்ளே விடுவது என்று தெரியாமல் திண்டாடினான். அவள் அதிகாரியும் இல்லை, விருந்தினரும் இல்லை, பணியாளரின் குடும்பமும் இல்லை. ஒப்பந்தக்காரருக்குக் குடும்பம் என்று ஒரு வகை அங்கே கிடையாது. கடைசியில் பையைப் பார்த்து, 'சரக்கு கொண்டு வருபவர்' என்று உள்ளே விட்டான். சரக்கு வருகிறவர்கள் பின்வாசல் வழியாகத்தான் வர வேண்டும். குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, சமையலறைக் கழிவுநீரில் காலை நனைத்துக்கொண்டு அவள் வந்தாள்.

நிரல்காரி கூடவே போனாள். தலைமை இயக்குநர் எழுந்திருக்கவில்லை. ஆனால் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டார். அது அவருக்கு வரும்.

"உக்காருங்கம்மா. உங்களுக்கு நடந்தது எங்களுக்கும் நடந்த மாதிரிதான். நாங்களும் அன்னிலேர்ந்து படி ஏறித்தான் வர்றோம்."

அண்ணி உட்காரவில்லை. "வேலைல இருக்கும்போது செத்தாருன்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க ஐயா. எனக்கு வேற எதுவும் வேணாம். அந்தப் பலூன எடுத்துடுங்க."

"பலூன் பத்திக் கவலப்படாதீங்க. பாதிதான் விட்டிருக்கோம்." அவர் முன்னால் சாய்ந்தார். "ஒண்ணு புரிஞ்சுக்கணும். மரணம் எங்கயும் நடக்கும், யாரு வேணும்னாலும் சாகலாம். அதுக்கு ஒரு தகுதியும் தேவையில்ல. ஆனா இரங்கல்னா அது கழகம் குடுக்குற அந்தஸ்து. இன்னிக்கு உங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தா, நாளைக்குத் தோட்டக்காரன் சாவான். இதுக்கு முடிவே இருக்காது. அப்புறம், சொல்லக் கூடாதுன்னு பாத்தேன். உள்ள ஆள் இருக்குன்னு ஒரு பலகைகூட மாட்டாம இறங்கியிருக்காரு. தப்பு அவரு பேர்லதான்."

அண்ணி அதுவரை மெதுவாகத்தான் பேசிக்கொண்டிருந்தாள்.

"அவரா? வீட்ல ஒரு பல்பு மாத்தணும்னாலே மெயினை நிறுத்தி, அதுமேல அட்டை மாட்டி, எங்கிட்ட ரெண்டு தடவ சொல்லிட்டுத்தான் ஸ்டூல் மேல ஏறுவாரு. அவரு மாட்டாம இறங்கினாருன்னு யாரு சொன்னா? சொன்னவன என் முன்னாடி வந்து சொல்லச் சொல்லுங்க."

"பலகை ஏதும் அங்க இல்லம்மா. வந்து பாத்தவங்க எல்லாரும் பாத்தோம்," என்றார் செய்தி அதிகாரி. நிரல்காரிக்கும் அது உண்மை என்று தெரியும். அவளும்தான் பார்த்தாள். நான்காவது மாடியில் லிஃப்டின் சுவிட்சுப் பெட்டி ஆணியில் ஒன்றும் தொங்கவில்லை.

துணைப் பதிவாளர் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை.

அண்ணி பையைத் தூக்கிக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போனாள்.

அவள் வந்து போனதால் விஷயம் வேகமெடுத்தது. பரிசீலனையில் வைத்திருப்பதால்தானே ஆட்கள் கேட்டு வருகிறார்கள் என்று கழகம் யோசித்தது. உடனே கூடி முடிவெடுத்தார்கள். லிஃப்டைச் சரிசெய்யும்போது நடந்தது. லிஃப்டைச் சரிசெய்வது பராமரிப்பு. ஆகவே இது பராமரிப்பு வகை. வேறொரு நிறுவனத்திலிருந்து ஆள் வந்து லிஃப்டை ஓடவைத்தான். அந்தச் செய்தியையும் அதே பதிவின் தலையில் சேர்த்தார்கள். 'மின்தூக்கி மீண்டும் இயக்கம்!' என்று தலைப்பு. கீழே அதே படம். மறுநாள் நிரல்காரி திறந்து பார்த்தபோது லிஃப்ட் அண்ணனின் முகத்தை மூடிக்கொண்டு முழுப் பலூன்களும் போயின. கடைசியில் அரங்கம் எழுந்து தட்டியது.

அவள் கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். யாரையும் கேட்கவில்லை. பராமரிப்பில் இருந்த குறியை எடுத்துவிட்டு இரங்கலில் வைத்தாள். படம் அசையாமல் நின்றது. சத்தமில்லை. வேலை அவ்வளவுதான். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

கழகத்துக்கு அது பிரளயம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை நாற்காலி போட்டார்கள்; குற்றம் சாட்டப்பட்டவருக்கு நாற்காலி உண்டு.

"வகைப்பாட்டுக் கழகத்துக்குள்ளயே ஒருத்தி தன் இஷ்டத்துக்கு வகைப்படுத்தியிருக்கா," என்றார் தலைமை இயக்குநர். அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது. லிஃப்ட் அண்ணன் செத்த அன்றைக்கு அது நடுங்கவில்லை. "ஒருத்தன் செத்தது விபத்து. அதை நான் தாங்கிக்கிட்டேன். இது துரோகம். இதை எப்படித் தாங்குறது?"

"அவரு செத்துட்டாருதானே சார்? ஆமாவா, இல்லையா?"

அந்த அறையில் யாரும் யாரையும் அப்படிக் கேட்டதில்லை. செய்தி அதிகாரி கைக்குட்டையைத் தேடினார்.

"இதான். இந்த வாய்தான்," என்றார் தலைமை இயக்குநர். "பழையபடி மாத்திட்டு, வருத்தம் தெரிவிச்சுட்டுப் போ. வேலைல இருக்கலாம்."

"நான் மாத்த மாட்டேன் சார். நீங்க மாத்திக்கோங்க. எப்படின்னு வேணா சொல்லித் தரேன்."

யாரும் கற்றுக்கொள்ள முன்வரவில்லை. அன்றோடு அவள் ஒப்பந்தம் முடிந்தது. இரண்டு நாளில் வேறு ஆளைப் பிடித்து மாற்றிக்கொண்டார்கள்.

ஆண்டு விழாவுக்குப் பொதுமக்கள் வரலாம் என்று போட்டிருந்தது. அண்ணி கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். "வந்து என்ன பண்ணப் போறோம் அண்ணி?" என்று நிரல்காரி கேட்டாள். "தெரியல. அந்த இயக்குநரு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கப் போறேன்," என்றாள் அண்ணி. இந்த முறை முன்வாசலில் கூட்டம் நெரித்தது. காவலாளி யாரையும் எந்த வகையிலும் சேர்க்க முடியாமல் கையை விரித்துவிட்டான்.

கீழ்த்தளத்தில் மேடை. மேடைக்குப் பக்கத்தில் லிஃப்ட், குறுக்கே ஒரு சிவப்பு நாடாவோடு. சரிசெய்துவிட்டாலும், அதில் மறுபடி ஆட்களை ஏற்ற வேண்டுமென்றால் அரசாங்கக் கட்டடப் பாதுகாப்பு ஆய்வாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்காக அந்தப் பெண் ஆய்வாளரையும் விருந்தினராகக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்திருந்தார்கள். தலையில் ஹெல்மெட்டோடு, பிஸ்கட் தட்டைத் தொடாமல், லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமை இயக்குநர் பேசினார். "இந்த லிஃப்ட் பத்திச் சில விஷமிங்க வதந்தி பரப்புறாங்க. லிஃப்ட்ல எந்தக் கோளாறும் இருந்ததில்ல. அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல." கைதட்டினார்கள். ஆய்வாளர் எழுந்தாள்.

"கோளாறு இல்லைன்னா அந்த ஆள் எப்படிச் செத்தாரு?"

"அவரோட கவனக்குறைவு மேடம். உள்ள ஆள் இருக்குன்னு பலகை மாட்டல. தெரியாம மின்சாரம் போட்டுட்டாங்க."

"அப்ப உங்க கட்டடத்துல யாரு வேணும்னாலும் பலகை இல்லாம உள்ள இறங்கலாமா? எங்க என்ன பலகை தொங்குது, தொங்கலைன்னு கவனிக்க இங்க ஆளே இல்லையா?"

அண்ணியின் கை நிரல்காரியின் மணிக்கட்டை இறுக்கியது. மேடையில் துணைப் பதிவாளர் கண்ணைத் திறந்தார். கட்டடத்தில் மாட்டுகிற அத்தனை பலகைகளும் அவர் பொறுப்பு. இத்தனை வருஷ சேவையில் அவரை ஒருவரும் கவனக்குறைவானவர் என்று சொன்னதில்லை. அவர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"ஆளே இல்லைன்னு சொல்றது தப்பு. பலகை விஷயத்துல இந்தக் கழகத்துல ஒரு குறை சொல்ல முடியாது. அன்னிக்கும் நான் கவனிச்சேன். நாலாவது மாடி சுவிட்சுப் பெட்டில ஒரு அட்டை தொங்குச்சு. 'உள்ளே ஆள் இருக்கு, மின்சாரம் போடாதீங்க'ன்னு கையால எழுதினது. வகை எண் கிடையாது. அது எச்சரிக்கையா, வேண்டுகோளா, தகவலான்னே தெரியல. வகைப்படுத்தாத எந்த அறிவிப்பும் இந்தக் கட்டடத்துல தொங்கக் கூடாது. விதிப்படி நானே கழட்டினேன்."

ஆய்வாளர் நின்றபடியே குறித்துக்கொண்டாள்.

"உக்காருய்யா," என்றார் தலைமை இயக்குநர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"முடிக்கல ஐயா. கழட்டித் தூக்கி எறியல. ஒழுங்கா உறை போட்டு என் அலமாரியில வச்சிருக்கேன். இன்னும் பரிசீலனையிலதான் இருக்கு."

அவர் சொல்லிவிட்டுக் கூட்டத்தைப் பார்த்தார். கைதட்டலை எதிர்பார்த்தாற்போல் இருந்தது.

ஆய்வாளர் நாடாவுக்கு இந்தப் பக்கமே நின்று லிஃப்டை யாரும் ஓட்டக் கூடாதென்று முத்திரை வைத்தாள். பிறகு துணைப் பதிவாளரைக் கூட்டிக்கொண்டு அலமாரியைப் பார்க்கப் படியேறினாள். அவர் ஒரு மறுப்பும் சொல்லாமல், உற்சாகமாகவே முன்னால் நடந்தார். அண்ணி அழவில்லை. அட்டை கீழே வந்ததும் எழுத்தைப் பார்த்தாள். "அவருதுதான். 'போடாதீங்க'ன்னு எழுதியிருக்காரு பாரு. போடாதேன்னு எழுதத் தெரியாது அவருக்கு," என்றாள்.

வழக்கு நடந்தது. வேலையில் இருக்கும்போதுதான் செத்தார் என்று கழகம் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. துணைப் பதிவாளர்மேல் மட்டும் தண்டனை விழுந்தது. தலைமை இயக்குநர் இன்னும் பெரிய ஒரு கழகத்துக்கு மாறிப்போனார். நிரல்காரிக்கு ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது.

தீர்ப்பு வந்த வாரத்தில் செய்தி அதிகாரி தையல் கடைக்கு வந்தார். நிரல்காரி மகனைக் கூட்டிக்கொண்டு சட்டை அளவு கொடுக்க வந்திருந்தாள். கழகம் பெரிய மனது பண்ணி, சிறப்பு அனுமதியின் பேரில் உங்கள் வீட்டுக்காரரை இரங்கல் வகையில் சேர்க்க முடிவு செய்திருக்கிறது, நல்ல படமாக ஒன்று கொடுங்கள் என்று அவர் இளித்துக்கொண்டே சொன்னார்.

அண்ணி வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தினாள்.

"அந்தப் பக்கத்த அழிச்சுடுங்க. எம்புருஷன் பேரு உங்க வாயிலயும் வரக் கூடாது, உங்க கம்ப்யூட்டர் பொட்டிலயும் இருக்கக் கூடாது."

"அம்மா, இது எவ்வளவு பெரிய கௌரவம்..."

அவள் எழுந்து அவரைத் தாண்டிக் கடைவாசலுக்குப் போனாள். தெருவில் காறித் துப்பினாள். திரும்பி வந்து அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, நிரல்காரியின் மகனைத் தோளை நிமிர்த்தி நிற்கச் சொன்னாள்.